காலி வண்டியின் எடை

எங்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். தரையில் இரண்டு கட்டிலுக்குத்தான் இடம்; மற்ற இரண்டும் அவற்றின் தலைமேல் ஏறி நின்றன. நான் கீழ்க்கட்டில். எனக்கு மேலே படுத்திருந்தவரை நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டோம். அந்த முதலாளியின் சொத்து ஒரு தகரப்பெட்டி, இரண்டு ஜோடிச் செருப்பு, ஆணியில் தொங்கும் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று. பட்டப்பெயர் வைக்கிறவனுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வைத்தவன் நான்தான். காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே மேசை நாற்காலிக் கடையில் வேலை பார்த்தோம். கடை என்றால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து முடிப்பதற்குள் தாகம் எடுத்துவிடும், அவ்வளவு பெரியது. நான் டெலிவரி வேன் ஓட்டினேன். அவர் ஃபிட்டர். அட்டைப்பெட்டிக்குள் பலகை பலகையாக வரும் அலமாரியையும் கட்டிலையும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வளைந்த சாவியால் திருகித் திருகி நிமிர்த்தி வைப்பார். அவர் பொருத்திய கதவு சாத்தும்போது சத்தமே வராது. அதிலே அவருக்கு ஒரு கர்வம்.

கடைக்குள் மாதிரி அறைகள் வரிசையாக இருந்தன. படுக்கையறை, சமையலறை, கூடம் எல்லாம் உண்டு; ஒவ்வொன்றுக்கும் மூன்று சுவர்தான். நாலாவது பக்கம் வாடிக்கையாளர் வந்து நிற்கும் வழி. குழாய் இருக்கும், தண்ணீர் வராது. அலமாரியில் புத்தகம் இருக்கும், பிரித்தால் உள்ளே வெறும் மரக்கட்டை. ஏழாம் எண் அறை சாப்பாட்டு அறை. ஆறு பேர் உட்காரும் மேசை, சுவரில் ஒரு கப்பல் படம், பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்திருப்பார்கள். வெளியே மழை கொட்டினாலும் ஏழாம் அறையில் மட்டும் இளவெயில் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால், அந்த மேசையின் நாற்காலி ஒன்றுக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. ஊரிலிருந்து அப்பா. தம்பி புதுப் போன் வாங்கியிருக்கிறான், முகம் பார்த்துப் பேசலாம் என்று அழைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்கிறதே என்று இவர் அதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பேசினார். அப்பா வெகுநேரம் பின்னால் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வீடு லட்சணமா இருக்குடா, வெளிச்சம் நல்லா வருது, உங்கம்மா பார்க்காம போயிட்டாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். செத்துப்போன அம்மாவை இழுத்துவிட்ட பிறகு இது கடைப்பா என்று எந்த மகன் சொல்வான்? இவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கடை திறப்பதற்கு முன்னால் இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழாம் அறையில் போய் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் மறைக்கக்கூட இல்லை, சோற்றையே காட்டவில்லை. கடைக்காரர்கள் அவ்வப்போது நாற்காலியையும் திரைச்சீலையையும் மாற்றுவார்கள். அண்ணன் எவ்வளவு சம்பாதித்தால் இப்படி மாற்றிக்கொண்டே இருக்க முடியும் என்று தம்பி பெண்டாட்டி வாயைப் பிளந்தாளாம். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் முதலாளி என்று பெயர் வைத்தேன். இப்போது திட்டுங்கள்.

சும்மா சொல்லக்கூடாது, சம்பளம் தம்பியைவிட இரண்டு மடங்கு. தம்பி அவர்கள் ஊரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிற வேலை பார்த்தான். ஆனால் இரண்டு மடங்குச் சம்பளத்தை இந்த ஊருக்குள் கொண்டுவந்தால் அது வெயிலில் வைத்த ஐஸ்கட்டி. ஒரு கட்டிலுக்கு நாங்கள் கொடுத்த வாடகையில் அவர் ஊரில் மாடியும் தோட்டமும் வைத்த வீடு எடுக்கலாம். மிச்சமிருப்பதில் பஸ் தின்றதுபோக, சாப்பாடு தின்றதுபோக, ஊருக்கு அனுப்பியதுபோகக் கையில் நிற்பதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஊரில் வேட்டிக்கும் பேரப்பிள்ளைகள் துணிக்கும் இவர் பணம்தான். பெரிய சம்பளக்காரன் சின்னதாக அனுப்பினால் நன்றாகவா இருக்கும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்புவார்.

கல்யாணமும் அதனால்தான் நடக்கவில்லை. அவர் ஊரில் பெண் வீட்டார் சம்பளத்தைக் கேட்டு ஓடிவந்தார்கள். பையன் எங்கே குடியிருக்கிறான் என்று பார்க்க இந்த ஊருக்கு ஆள் அனுப்பியவர்கள் அப்படியே திரும்பி ஓடினார்கள். இந்த ஊரில் ஒரு தரகர் கூட்டிப்போன வீட்டில் சம்பளத்தைக் கேட்டதும் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. ஒரே சம்பளம்தான், அங்கே அவர் ராஜா, இங்கே ஆண்டி. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அவர் சொன்ன ஒரே பொய்யை அப்பாவுக்காகச் செலவழித்துவிட்டார்.

ஒரு சாயங்காலம், எதிர்க்கட்டில் சலவைக்காரர் போனில் ஏதோ பத்திரிகையைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அவர் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறவர். நாட்டு மக்கள் நூறு பேரை வசதிப்படி வரிசையில் நிறுத்தினால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று அந்தப் பத்திரிகை சொல்லுமாம். சம்பளத்தைத் தட்டினால் போதும். எந்த ஊர், என்ன வாடகை, ஒரு கேள்வி கிடையாது. தட்டினோம். சலவைக்காரரும் அவர் மேல்கட்டில்காரரும் நானும் முதல் இருபதுக்குள் வந்தோம். முதலாளி முதல் பத்துக்குள் போய் நின்றார்.

தம்பி சம்பளத்தையும் போடச் சொன்னார் முதலாளி. தம்பி கடைசி ஐம்பதில் போய் விழுந்தான். காற்றோட்டமான பூர்வீக வீடு, வாசலில் மோட்டார் சைக்கிள், கொல்லையில் எலுமிச்சை மரம், நடந்து போகிற தூரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பாவம், ஏழை. கணக்குப் போட்டவனுக்கு ஊருக்கு ஊர் விலை வேறு என்று தெரியாமலா இருக்கும்? அதையும் சேர்த்தால் கணக்கு நீண்டுவிடும் என்று விட்டிருப்பான். மறுநாள் காலை நாட்டின் பெரும்புள்ளிகள் நான்கு பேரும் துண்டும் வாளியுமாக ஒரே குளியலறை வாசலில் வரிசையில் நின்றோம்.

நாங்கள் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. அந்தக் கணக்கு அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரக்கு ஏற்றிய லாரி மேடையில் வந்து நிற்கும். மொத்த எடையைக் குறிப்பார். சரக்கை இறக்கிவிட்டு அதே லாரி காலியாகத் திரும்பி வந்து ஏறும், அதையும் குறிப்பார். முதல் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். அதன் பிறகே சீட்டு எழுதுவார். ஓட்டுநர்கள் செய்யாத தில்லுமுல்லு இல்லையாம். கிளீனரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைப்பார்களாம், தொட்டியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருவார்களாம். ஒருவரிடமும் அவர் ஏமாந்ததில்லை. சொந்தக்காரர்களுக்குள் தகராறு வந்தால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். எடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூர்வீக வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார். மூத்தவனுக்கு இரண்டு மடங்கு வருமானம், வீடும் இருக்கிறது. இளையவனுக்கு வருமானம் குறைவு. ஆகவே பூர்வீக வீடு முழுவதும் இளையவனுக்கு. மூத்தவன் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும். நியாயம்தானே என்று கேட்டார். முதலாளி ஏழாம் அறையில், இளவெயிலில் உட்கார்ந்துகொண்டு, நியாயம்தான்பா என்றார்.

அந்த வீட்டில் கொல்லைப்பக்கம் ஓர் அறை உண்டு. பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து முதலாளியின் அறை. அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. முட்டி போட முடியாத ஃபிட்டரை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? வேலை போனால் இந்த ஊரில் ஒரு மாதம் தாங்காது. எனக்கு முன்னால் என் கட்டிலில் படுத்திருந்தவர் ஒரு பெயின்டர். கை நடுங்க ஆரம்பித்ததும் மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாராம். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி அந்தக் கொல்லை அறையை நம்பித்தான் தினமும் முட்டி போட்டுக்கொண்டிருந்தார். அதைக் காப்பாற்ற அவர் அப்பாவிடம் ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும்.

சொல்லித் தொலைங்களேன் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். அடுத்த ஞாயிறு சொல்றேன் என்பார். அந்த அடுத்த ஞாயிறு வரவே இல்லை. அதற்குப் பதில் அப்பாவே வந்துவிட்டார்.

அதுவும் ஒரு ஞாயிறுதான். கடையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. நான் வேனில் ஒரு கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தேன். கையில் துணிப்பை, கக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர் வாசலில் நின்று, ஒரு காகிதத்தையும் கடையின் பெயர்ப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் முதலாளியின் மூக்கை அப்படியே ஒட்டவைத்த மாதிரி ஒரு ஆள். பார்சல் வந்தால் எங்கள் கட்டிடத்தில் தொலைந்துபோகும் என்று முதலாளி ஊருக்குக் கொடுத்து வைத்திருந்தது கடையின் விலாசம். சொல்லாமல் போய்ச் சந்தோஷப்படுத்துவோம், வீட்டையும் பார்ப்போம், அப்படியே கையெழுத்தையும் வாங்கிவிடுவோம் என்று இருவரும் ரயில் ஏறியிருக்கிறார்கள்.

அவர் இங்கேதான் வேலையில் இருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று நிழலில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். கிடங்கில் அவரைக் கண்டுபிடித்து இழுத்து வருவதற்குள் அவர்கள் உட்கார்ந்த இடத்தில் இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

ஏழாம் அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் வீட்டு மேசை மாதிரியே இருக்கே, இங்கேதான் வாங்கியிருப்பார் போல என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர் கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு பேசும்போது கப்பல் படம் சாய்ந்திருக்கிறது, நேராக்கு என்று அவர்தான் சொன்னாராம். மகனும் எழுந்துபோய் நேராக்கியிருக்கிறார். அந்தப் படம் அங்கே நேராக மாட்டியிருந்தது. அவர் போய் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டார். சூடாக இருந்திருக்கும்; கையை இழுத்துக்கொண்டார். யாரோ ஒரு அம்மாள் மகன் வீட்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் விலைச்சீட்டு தொங்கியது.

பெரியவர் துணிப்பையிலிருந்து ஒரு மேசைவிரிப்பை எடுத்தார். தம்பி பெண்டாட்டி ஞாயிறுதோறும் போனில் பார்த்துப் பார்த்தே அளவு மனசில் போட்டு, ஓரத்தில் நீலத்தில் பூவேலை செய்து தைத்தது. அதை உதறி மேசைமேல் விரித்தார். நான்கு பக்கமும் ஒரே அளவாகத் தொங்கியது. அப்போது முதலாளி கையில் வளைந்த சாவியோடு எதிரே போய் நின்றார். பெரியவர் மகனைப் பார்க்காமல் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே பேசினார்.

"அளவு சரியா இருக்கு."

விரிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மேலாளர் நல்ல மூடில் இருந்தார். முதலாளிக்கு அரைநாள் விடுப்புக் கிடைத்தது. இருவரையும் அறைக்குக் கூட்டிப்போனார்.

நான் டெலிவரி முடித்து வேனோடு வந்தபோது பெரியவர் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தால் மேல்கட்டில் தலையில் இடிக்கும், குனிந்தே உட்கார்ந்திருந்தார். தம்பி வாசலோரம் நின்றான். முதலாளி தகரப்பெட்டிமேல். பெரியவர் தன் ஊர் விலையில் மகனின் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, ஊருக்கு அனுப்பியது இவ்வளவு என்று விரல்விட்டு மடக்கினால் பாதிக்குமேல் மிஞ்சியது. மிஞ்சியது எங்கே போனது என்பதுதான் அவர் கேள்வி.

"மறைக்காம சொல்லு. குடிக்கிறியா?"

"இல்லப்பா."

"சீட்டாட்டமா?"

"இல்லப்பா."

"வேற எங்கயாவது ஒரு குடும்பம் வச்சிருக்கியா?"

"அதுக்கும் வாடகை குடுக்கணுமேப்பா."

சலவைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். முதலாளி சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அப்புறம் கட்டில் வாடகையைச் சொன்னார். பெரியவர் தம்பியைப் பார்த்தார். ஒரு கட்டிலுக்கா, இந்தப் பணத்துக்கு நம் தெருவில் வீடே கொடுப்பார்களே, காதில் பூச்சுற்ற நான்தான் கிடைத்தேனா என்றார். நான் குறுக்கே புகுந்து, நானும் அதேதான் தருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். நீயும் கூட்டாளி என்று எழுதி என் நெற்றியில் ஒட்டாத குறை. தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்த கிளீனர்களை வாழ்க்கை முழுக்கப் பிடித்தவர் அல்லவா, எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

தம்பி நல்லவன். பத்திரம் இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மெல்லச் சொன்னான். பெரியவர் கேட்கவில்லை. இவ்வளவு சம்பளத்தையும் தொலைக்கிறவன் கையில் வீட்டில் பங்கு இருந்தால் நாளைக்கு அதுவும் போகும், இப்போதுதான் கட்டாயம் கையெழுத்து வாங்கவேண்டும் என்றார். முதலாளி வெகுநேரம் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கையை நீட்டினார்.

"இத்தனை வருஷமா இல்லாத வீட்டைக் காட்டினேன், நம்புனீங்க. இருக்கிற கட்டிலைக் காட்டுறேன், நம்ப மாட்டேங்கிறீங்க. குடுங்கப்பா, போடறேன்."

தகரப்பெட்டிமேல் காகிதத்தை வைத்து, அதற்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அப்பா அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பெற்றவர் என்றும் பாராமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முதலாளி கண்ணாலேயே என்னை உட்கார்த்திவிட்டார்.

சாயங்கால ரயிலுக்கு அவர்களை நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். முதலாளி வரவில்லை. மேசைவிரிப்பைப் பெரியவர் என் கட்டிலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஸ்டேஷனில் இறங்கியதும் டீ குடித்துவிட்டுப் போகலாம், நான் வாங்கித் தருகிறேன் என்றார். கூட்டாளியாக இருந்தாலும் வண்டி ஓட்டி வந்தவன் என்கிற மரியாதை. தம்பியையும் என்னையும் நிறுத்திவிட்டுத் தானே போய் ஒரு கடையில் நோட்டை நீட்டினார். மீதிச் சில்லறைக்காகக் கையை நீட்டியபடி நின்றார். கடைக்காரன் இன்னும் பணம் கேட்டான்.

ஏமாற்றுகிறான் என்று நினைத்திருப்பார். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கேயும் அதே விலை. அதற்கடுத்த கடையில் விலை கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் அசையாமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரே ஒரு டீ வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். தம்பியும் வேண்டாம் என்றான்.

"ஏம்பா, அவன் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பான்?" என்று என்னைக் கேட்டார்.

"குடிக்கிறதில்லீங்க. இந்த ஊருக்கு வந்ததும் விட்டுட்டாரு."

"சின்ன வயசுல டீ இல்லாம எந்திரிக்க மாட்டான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். ரயில் வந்ததும் அதை நடைமேடையில் ஒரு பெஞ்சில் பத்திரமாக வைத்துவிட்டு ஏறிப்போனார். கொட்ட மனசு வரவில்லை போலும்.

அடுத்த ஞாயிறு முதலாளி ஏழாம் அறைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் மேசை அங்கே இல்லை; விற்றுப்போய், நான்தான் அதை ஒரு பெரிய வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அந்த வீட்டு ஜன்னலில் நிஜ வெயில் அடித்தது. இஸ்திரிச் சட்டை ஆணியிலேயே தொங்க, முதலாளி மேல்கட்டிலில் படுத்துக்கொண்டார். கட்டிலைச் சுற்றி ஒரு கயிறு கட்டி அந்த மேசைவிரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். மேசைக்குப் பார்த்துத் தைத்தது கட்டிலுக்கு ஒரு சாண் குறைந்தது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். வழக்கமான நேரத்தில் போன் அடித்தது.

பெரியவருக்குக் காது மந்தம், சத்தமாகத்தான் பேசுவார். கீழே படுத்திருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. கட்டிலுக்கு எவ்வளவு, சொல்லு என்றார். இவர் சொன்னார். பஸ்ஸுக்கு? சொன்னார். காலைச் சாப்பாடு, மத்தியானம், ராத்திரி, சோப்பு, துணி துவைக்க. ஒவ்வொன்றாக நிதானமாகக் கேட்டார், அந்தப் பக்கம் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. முட்டிக்குத் தைலம் வாங்குவியே, அது என்றும் கேட்டார். அன்றைக்கு இவர் கட்டில் காலைப் பிடித்து எழுந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"எங்களுக்கு அனுப்புனது இதிலருந்தா?"

"ஆமாப்பா."

பென்சில் நின்றுவிட்டது.

"காலி வண்டியைக் கழிக்காம ஒரு சீட்டும் எழுதினதில்லைடா நான். உனக்குப் போய் எழுதிட்டேன். அந்தப் பத்திரம் பதிவாகாது. கிழிச்சிட்டேன். உன் ரூமைக் காட்டுறேன், பாரு."

போனைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கும் சத்தம், ஒரு கதவு திறக்கும் சத்தம். நான் எழுந்து விரிப்பை விலக்கி எட்டிப் பார்த்தேன். முதலாளியின் முகத்துக்கு மேலே ஒரு கை உயரத்தில் எங்கள் அறையின் கூரை. போனுக்குள் உயரமான ஒரு கூரை, அதில் மெதுவாகச் சுற்றும் பழைய மின்விசிறி, கீழே வெளிச்சமான ஜன்னல். நிஜ ஜன்னல். எலுமிச்சை மரத்தின் ஒரு கிளை தெரிந்தது. ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம், அதைச் சுற்றிக் கத்தரித்த துணிகள், ஒரு மூலையில் பிள்ளைகளின் பள்ளிப் பைகள். இயந்திரத்தில் தம்பி பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் அவள் அவசர அவசரமாகத் துணிகளை வாரிக்கொண்டு எழுந்தாள். மேசைவிரிப்பு தைத்த இடம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கும் உறைத்திருக்கும்.

அவளுக்கு வேறு இடம் பார்த்துக்கொடுக்கிறேன், நாளைக்கே அறையைக் காலி பண்ணுகிறேன் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாம்பா. மிஷின் அங்கயே இருக்கட்டும், அங்கதான் வெளிச்சம். ஓரமா ஒரு கட்டில் போட இடம் இருந்தா போதும்."

சொந்த வீட்டிலும் அந்த மனுஷன் ஒரு கட்டில்தான் கேட்டார். பெரியவர் போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டார் போலிருக்கிறது. கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் தூரத்தில் கேட்டது. இவரும் அணைக்கவில்லை, அவர்களும் அணைக்கவில்லை. முதலாளி போனை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு, சார்ஜ் தீரும்வரை அந்தக் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நான் விரிப்பை இழுத்து மூடிவிட்டுக் கீழே வந்து படுத்தேன்.